கயிறு கட்டாத கை

காடாம்புலியூர்
6.5.2018

அபி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். நானும் அபியும் நன்றாக இருக்கிறோம். அம்மா வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை நடக்கிறது. சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துவிட்டது, எழுத்து அழுக்காக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் கடிதம். போனில் நீங்கள் அழுவீர்கள், நான் இளகுவேன், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். இத்தனை வருஷமாக அதுதானே நடந்தது? கடிதம் எழுத நிதானம் வேண்டும். நிதானம் இருக்கும்போது எழுதுங்கள், போதும்.

இரண்டு விஷயம். முதலாவது, அபியின் டி.சி. அவள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பு இங்கேயே சேர்க்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுப்பார்கள். கடைசிப் பரீட்சை அன்று அவளைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு டாஸ்மாக் கடைக்குப் போனீர்கள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வாட்ச்மேன்தான் கொண்டுவந்து விட்டார். அதைப் பற்றி நான் மறுபடி பேச விரும்பவில்லை. டி.சி. மட்டும் வாங்கி அனுப்புங்கள்.

இரண்டாவது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்லக்கிளி அக்கா போன் செய்தார். "வாரா வாரம் புதங்கெழம கதவச் சாத்திக்கினு யாரோ ஒரு பொம்பளகிட்ட போன்ல பேசறாரு ப்ரியா, மொகத்தப் பாத்துக்கினு பேசறாரு" என்றார். பேசிக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஊரார் வாயால் நான் கேட்க வேண்டியதில்லை. எனக்கு எரிகிறது.

இசைப்பிரியா


நெய்வேலி
9.5.2018

இசை,

உன் கடிதத்தை இன்று ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் அந்தப் பொம்பளையிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் பெயர் பெரியநாயகி. நம் அம்மாக்கள் வயது. மெட்ராஸில் ஒரு சிகிச்சை மையத்தில் கவுன்சிலர். கண்ணாடி போட்டிருப்பார், பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். செல்லக்கிளி அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதே, பொம்பளை என்று நினைப்பதே எனக்குப் பரவாயில்லை.

நீ போன பிறகு ஒருநாள் வேலையில் வால்வைப் பிடித்தபோது கை நிற்காமல் நடுங்கியது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முதல் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை நடுக்கத்துக்குத்தான், குடியை நிறுத்துவதற்கு மனதுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார். "இங்க வந்து வரிசையில ஒக்காந்தா எங்க பிளாக் பூரா தெரிஞ்சிபூடும் சார்" என்றேன். அப்போதுதான் இந்த ஆன்லைன் சிகிச்சையைச் சொன்னார். வாரம் ஒருமுறை வீடியோவில் பேச வேண்டும். மற்ற நாட்களில் போனிலேயே பயிற்சி. அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் பெயராம்.

மேடம் புத்திமதி சொல்வதில்லை. கடைக்குப் போவதற்கு முன்னால் மனசு என்ன சொன்னது என்று மட்டும் கேட்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது என்றேன். சிரித்துவிட்டார். "கால் தானா போகாது நெடுமாறன், மனசு ஏதோ சொல்லியிருக்கும், மெதுவா யோசிங்க" என்றார். குடிக்கத் தோன்றும்போதெல்லாம் என்ன நினைத்தேன் என்பதைப் போனில் எழுத வேண்டும். பிறகு அது நிஜமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அபி கேட்டில் நின்ற அன்று என் மனசு என்ன சொன்னது என்று இப்போது தெரிகிறது. பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது, ஒன்றே ஒன்று போட்டுவிட்டுப் போகலாம் என்றது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது இசை.

உன்னிடம் முதலிலேயே சொல்லாததற்குக் காரணம், இதையும் இன்னொரு சத்தியம் என்று நீ நினைப்பாய் என்பதுதான். டி.சி.க்குக் கொஞ்சம் பொறு.

நெடுமாறன்


காடாம்புலியூர்
13.5.2018

அபி அப்பாவுக்கு,

சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். பாதிக்குத்தான். மீதிப் பாதி கதவைச் சாத்தியவருடைய தப்பு.

அந்தச் சிகிச்சையின் பெயரைத் தம்பி சின்னதுரையிடம் படித்துக் காட்டினேன். "பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கடைய மூடிப்புடுவான், அதுவே நல்லதுதான்" என்று சிரித்தான். எனக்கு முழுதாகச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் ஒன்று கேட்டாக வேண்டும். இதுவும் ஒரு கயிறுதானா?

குடிக்க மாட்டேன் என்று எத்தனை முறை கோயிலில் போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டீர்கள்? மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெடு வைத்துக் கட்டுவது. கெடு முடியும்வரை நீங்கள் தங்கம். காய்கறி வாங்குவீர்கள், அபிக்கு ஜடை பின்னுவீர்கள். கூட்டாளிகள்கூட "கயிறு கட்டிக்கினு இருக்கான், வுட்ருங்கடா" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். கெடு முடிந்து கயிற்றை அவிழ்த்த அன்றைக்கே மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் குடிப்பீர்கள். போன வருஷம் அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் வாயில் பட்டது. "கயிறுதான் போச்சே, இனிமே என்னா" என்று ஒரு மாதம் எழுந்திருக்கவே இல்லை. நான் அந்த மாதத்தை மறக்க மாட்டேன்.

அதனால் அந்த மேடத்திடம் கேட்டு எழுதுங்கள். இந்த வைத்தியம் எத்தனை வாரம்? முடிகிற அன்று என்ன செய்வீர்கள்?

அபி உங்களைக் கேட்கிறாள். "அப்பா லீவு போட்டுட்டு வருமா?" என்றாள். ஷிப்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டி.சி.க்கு இந்த மாதக் கடைசிவரை பொறுக்கிறேன். அதற்குமேல் நானே வந்து ஹெட்மாஸ்டரைப் பார்ப்பேன்.

இசைப்பிரியா


நெய்வேலி
17.5.2018

இசை,

நீ கேட்டதை மேடத்திடம் அப்படியே கேட்டேன். கயிற்றைப் பற்றி முழுதாகச் சொல்லச் சொன்னார். அவருக்கு அந்த வழக்கம் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். கடைசியில், "வாரக் கணக்கு பயிற்சிக்குத்தான். குடிக்காம இருக்கறதுக்குக் கெடு கெடையாது. ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்குத்தான்" என்றார். எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது. கெடு இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

இன்னொன்றும் சொன்னேன். என் வேலை உனக்குத் தெரியும். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராவும் பகலும் பம்ப் ஓடி அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையே கிளம்பிவிடும். சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பம்புகளோடு நிற்கிறேன். எனக்குள்ளேயும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இரண்டு போட்டு இறக்காவிட்டால் வெடித்துவிடுவேன் என்று. நீயும் ஒருமுறை "குடிச்சிட்டாவது தூங்கட்டும், இல்லன்னா மனுசன் வெடிச்சிருவாரு" என்று உன் அம்மாவிடம் சொன்னாய். மேடம் கேட்டார், "குடிக்காம இருந்து பாத்து, வெடிச்சீங்களா?" கயிறு இல்லாமல் நான் ஒருநாளும் இருந்து பார்த்ததே இல்லை இசை. இப்போது பார்க்கிறேன். குடிக்க வேண்டும் என்று நெஞ்சை அடைக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு பிளாக் கடைசிவரை நடக்கிறேன். திரும்பி வருவதற்குள் குறைந்துவிடுகிறது. சில நாள் இரண்டாவது முறையும் நடக்க வேண்டியிருக்கிறது.

மாதக் கடைசியில் சிங்காரவேல் அண்ணன் ரிட்டயர்டு ஆகிறார். சென்ட் ஆப் எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். மாலை போட்டு, மேளத்தோடு வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டு, பிரியாணி போட்டு, அப்புறம் மற்றது. போகாமல் இருக்க முடியாது, அவரோடுதான் இத்தனை வருஷம் ஒரே ஷிப்டில் நின்றேன். மேடம் அதற்கு ஒத்திகை பார்க்கிறார். அவர்தான் சிங்காரவேல், நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் "குடிடா தம்பி" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வேண்டாம் என்ற சொல் வாயில் வரவில்லை. நம் ஆட்கள் யாரும் வெறும் கையோடு வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கயிற்றைத்தான் காட்டுவோம்.

அபிக்கு ஷிப்ட் என்று சொன்னதற்கு நன்றி.

நெடுமாறன்


காடாம்புலியூர்
20.5.2018

அபி அப்பாவுக்கு,

வெடிச்சிருவாரு என்று நான் சொன்னது நிஜம்தான். படித்ததும் சுருக்கென்றது. உங்கள் டம்ளரை நானே கழுவி வைத்த நாட்களும் உண்டு. சீக்கிரம் குடித்துப் படுத்துவிட்டால் சத்தம் இல்லாமல் இருக்கும் என்பதற்காக.

அந்த சென்ட் ஆப்பைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சிங்காரவேல் அண்ணன் நல்லவர்தான். ஆனால் அன்பாக ஊற்றிக் கொடுக்கிறவர்களிடம்தான் நீங்கள் தப்பித்ததே இல்லை. அதனால் நேற்று கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் சொல்லி ஒரு கயிறு வாங்கி வந்தேன். சின்னதுரை அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றைக் கிண்டல் செய்தவளே கயிறு அனுப்புகிறாள் என்று சிரிக்காதீர்கள். எனக்குப் பயம். கயிறு இருந்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அந்த ஒருநாள் தாண்டினால் போதும், அப்புறம் உங்கள் மேடம் பார்த்துக்கொள்ளட்டும்.

பலாப்பழம் ஒன்றும் வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். செல்லக்கிளி அக்கா வாய் கொஞ்ச நேரம் அடைபட்டிருக்கும்.

இசைப்பிரியா


நெய்வேலி
24.5.2018

இசை,

உனக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை குடித்தேன்.

திங்கட்கிழமை சின்னதுரை கயிற்றையும் பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனான். கயிற்றைச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது கடைப் பக்கம் வண்டி திரும்பியது. மனசு என்ன சொன்னது என்று இந்த முறை எனக்கு நன்றாகவே கேட்டது. 'வெள்ளிக்கிழமையிலிருந்து கயிறு கட்டப் போகிறோமே, அதற்குள் ஒருநாள்' என்றது. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்? கயிறு கட்டுவதற்கு முன்னால் ஆசை தீரக் குடித்துவிட்டுத்தானே கோயிலுக்குப் போவார்கள்? நானும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போனேன். கேட்ட பிறகும் வண்டியை நான் திருப்பவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் மேடத்தின் முகத்தைப் பார்க்கவே கூசியது. போனை எடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "நேத்து குடிச்சீங்க. இன்னிக்கு?" என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்றேன். "இதுக்கு முன்னாடி குடிச்ச மறுநாளே நிறுத்தியிருக்கீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. கயிறு போச்சு என்றால் எல்லாம் போச்சு என்றுதான் இருந்தேன். இந்த முறை கயிறு கையில் இல்லை, அதனால் போவதற்கும் ஒன்றும் இல்லை. புதன்கிழமை குடிக்கவில்லை. இன்றும் குடிக்கவில்லை.

கயிற்றை இந்தக் கடிதத்தோடு திருப்பி வைத்திருக்கிறேன். கோபப்படாதே. என்னால் இனிமேல் அதைக் கட்ட முடியாது.

நெடுமாறன்


காடாம்புலியூர்
27.5.2018

நீங்கள் குடித்ததற்கு நான் அனுப்பிய கயிறு காரணமா? சாமி கயிற்றைத் தபாலில் திருப்பி அனுப்ப எப்படி மனசு வந்தது? அம்மா பார்த்துவிட்டு அழுகிறார். என்ன சொல்லித் தேற்றுவேன்?

மறுநாள் நிறுத்தினேன், மறுநாள் நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசு கொடுக்க வேண்டுமா? நான் இருந்த வருஷங்களில் நிறுத்தாததை இப்போது ஒரு காலண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் சொல்லி நிறுத்துகிறீர்களாம்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இனி கதை வேண்டாம். டி.சி.யை வாங்கி அனுப்புங்கள்.

இசைப்பிரியா


நெய்வேலி
2.6.2018

இசை,

இத்துடன் அபியின் டி.சி. இருக்கிறது. நேற்று போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஹெட்மாஸ்டர் "ஏன் சார், நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே" என்றார். அவளுடைய அம்மா முடிவு செய்திருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

நேற்று முன்தினம் சென்ட் ஆப் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சைப் போட்டுத் தொடங்கினார்கள். சிங்காரவேல் அண்ணன் கழுத்தில் மாலையோடு அவரே ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். என் மணிக்கட்டைப் பார்த்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னாடா நெடுமாறா, கயிறு கட்டிக்கினு இருக்கியா?"

"இல்லண்ணே."

"அப்பறம் இன்னா? புடி."

"வேணாண்ணே. எனக்கு ஒண்ணோட நிறுத்தத் தெரியல. எம்பொண்ண பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்க வுட்டுட்டேன்."

கடைசி வாக்கியம் ஒத்திகையில் இல்லை. தானாக வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கூட்டாளி தனகோட்டி என்னவோ சொல்லிச் சிரித்தான். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "எலையில கறி கெடக்குது பாரு, அத முழுசாத் தின்னுட்டு வூட்டுக்குப் போ" என்றார். தின்றுவிட்டு வந்தேன்.

டி.சி.யை இவ்வளவு நாள் ஏன் பிடித்து வைத்திருந்தேன் என்று இப்போது புரிகிறது. நான் குடிக்காமல் இருந்தால் நீங்கள் வருவீர்கள் என்று எனக்குள் ஒரு கெடு வைத்திருந்தேன். நீங்கள் வந்து இறங்குகிற நாள்தான் அந்தக் கெடு முடிகிற நாளாக இருந்திருக்கும். அதற்கு மறுநாள் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால் இதை உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் புதன்கிழமை நான் அந்தப் போனை எடுப்பேன்.

உங்கள் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. வீடு நன்றாகவே இல்லை.

நெடுமாறன்


காடாம்புலியூர்
6.6.2018

அபி அப்பாவுக்கு,

டி.சி. கிடைத்தது. கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு வருத்தப்படுகிறேன். நீங்கள் கயிற்றின் மேல் பழி போடவில்லை, தப்பு என்னுடையது என்றுதான் எழுதியிருந்தீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. விட்டுவிட்டு மறுபடி குடித்த மறுநாள் நீங்கள் எழுந்து ஷிப்டுக்குப் போன ஒரு நாளைக்கூட என்னால் ஞாபகப்படுத்த முடியவில்லை. அந்தப் புதன்கிழமை ஷிப்டுக்குப் போனீர்களா என்று செல்லக்கிளி அக்காவிடம் கேட்டேன். "போனாரே, சைக்கிள் கடையாண்ட நின்னு எனக்கு வணக்கம் வெச்சாரே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் என்னால் கொட்டை உடைக்க முடியவில்லை.

அபியை இங்கேயே சேர்த்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து போவாள். இது உங்களுக்குத் தண்டனை என்று நினைக்காதீர்கள். காரணம் நான்.

போன வாரம் சாயங்காலம் அபி கேட்டாள், "யாம்மா, தெருவையே பாத்துக்கினு கீற? இங்கதான் அப்பா வராதே." ஆமாம், இங்கே நீங்கள் வரப் போவதில்லை. ஆனாலும் ஐந்து மணியானால் என் காது தானாக வண்டிச் சத்தத்துக்குப் போகிறது. வண்டி நேராக வருகிறதா, வளைந்து வருகிறதா என்று கேட்கிறது. சின்னதுரை பக்கத்தில் வந்து நின்றால் மூக்கு அவன் வாயை மோப்பம் பிடிக்கிறது. பாவம், அவன் வெற்றிலைகூடப் போடாதவன். நீங்கள் நிதானமாக வருகிற நாளிலும் நான் அங்கே அப்படித்தான் கதவருகே நிற்பேன். நீங்கள் திருந்திவிட்டீர்கள் என்று யார் சத்தியம் செய்தாலும் நிற்பேன். அபி அதைப் பார்த்துப் பார்த்துப் பெரியவளாக வேண்டாம். ஒரு வருஷமாவது அவள் சாயங்காலத்தில் விளையாடட்டும்.

அதனால் இந்த வருஷம் இங்கேதான். திரும்பி வரக் கூடாது என்று இல்லை. வர வேண்டும் என்றுதான் ஆசை, அதை எழுத வெட்கப்படவில்லை. ஆனால் நீங்கள் குடிக்காமல் இருந்தால் மட்டும் நான் வந்துவிட முடியாது. நானும் நிற்பதை நிறுத்தப் பழக வேண்டும். அதை எனக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேடம் குடிக்காதவர்களிடமும் பேசுவாரா?

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுங்கள். அபியிடம் சொல்லிவிட்டேன், அப்பா சனிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று. அம்மாவும் சரி என்றுவிட்டார்.

மேடத்திடம் எனக்கும் ஒரு நேரம் கேட்டுச் சொல்லுங்கள். எந்தக் கிழமையானாலும் சரி, ஞாயிறு மட்டும் வேண்டாம். ஞாயிறு நீங்கள் இங்கே இருப்பீர்கள்.

இசைப்பிரியா